முக்கால் அங்குலம்

லெஸ்லியின் பேன்ட் மூன்று வாரமாகக் கிழியவில்லை. கிளெண்டாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் அது கவட்டுத் தையல் விட்டுத்தான் அவள் மேசைக்கு வரும். சாதாரணக் கூட்டம் என்றால் இரண்டு அங்குலம். ஆட்கள் நெரிந்து, சுவரெல்லாம் வேர்த்து ஒழுகிய நாள் என்றால் ஐந்து அங்குலம். நிகழ்ச்சி எப்படிப் போயிற்று என்று அவள் யாரையும் கேட்டதில்லை. கிழிசலை அளந்தால் தெரிந்துவிடும்.

குழுவுக்குப் பெயர் டிக்கெட் பாக்கெட்ஸ். கோட்டின் வலது பாக்கெட்டுக்கு மேலே ரயில் டிக்கெட் போட்டுக்கொள்ள ஒரு சின்னப் பாக்கெட் இருக்கும். அது இல்லாத கோட்டை, மாட் என்று சொல்லிக்கொண்டு சூட்டும் ஸ்கூட்டருமாகத் திரியும் பையன்கள் கோட்டு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூன்று பேர். லெஸ்லி கிடார் வாசித்துப் பாடுவான். மால்கம் பேஸ். கிளெண்டாவின் தம்பி கெல்வின் டிரம்ஸ். பகலில் மூவருக்கும் இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தில் வேலை. கிளெண்டாவுக்கு, தளத்தின் வாசலுக்கு எதிரே கடற்படை அதிகாரிகளுக்கு உடுப்புத் தைக்கும் கடையின் பின்னறையில் வேலை. பகலில் அதிகாரிகளின் பேன்ட், சாயங்காலத்தில் தம்பியின் குழுவுடைய பேன்ட். முதலாளி கண்டும் காணாமல் இருந்தார்.

ஐம்பது நிமிஷத்தில் பத்தொன்பது பாட்டு வாசிப்பார்கள். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்புவதற்குள் கெல்வின் அடுத்ததற்கு எண்ணத் தொடங்கிவிடுவான். எவ்வளவு வேர்த்தாலும் கோட்டைக் கழற்றக் கூடாது, நடுப் பித்தானை அவிழ்க்கக் கூடாது. அது கெல்வின் போட்ட சட்டம். கழற்றினால் மற்ற குழுக்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்பான். முன்வரிசையில் நிற்கும் பையன்களும் கழற்ற மாட்டார்கள். எல்லோரும் லெஸ்லியைப் போலவே உடம்பை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து, இடுப்பை ஒடித்து நிற்பார்கள். ஜில்லிங்ஹாமில் அந்த வருஷம், 1980இல், பஸ் நிறுத்தத்தில்கூடப் பையன்கள் அப்படித்தான் சாய்ந்து நின்றார்கள். அதுதான் ஸ்டைல்.

அது ஸ்டைல் இல்லை என்பது ஊரில் கிளெண்டா ஒருத்திக்குத்தான் தெரியும்.

முதல் சூட்டுக்கு அளவெடுத்த அன்று அவள் நாடாவை அவன் உள்காலில் இரண்டு முறை வைத்துப் பார்த்தாள். பிறகு மூன்றாம் முறை. இடது கால் முக்கால் அங்குலம் குட்டை. மாட் பேன்ட் ஷூவின் மேல் வந்து தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும்; முக்கால் அங்குலம் தப்பினால் ஊரே பார்க்கும். அவள் நிமிர்ந்தாள். லெஸ்லி சுவரில் மாட்டியிருந்த ராணியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்ன வயசுல இடுப்புல ஒரு வியாதி," என்றான். "எழுதி வைக்காத."

அவள் எழுதவில்லை. அளவு நோட்டில் இரண்டு காலுக்கும் ஒரே எண்ணைப் போட்டாள். இடது ஓரத்தை மட்டும் மனக்கணக்கில் முக்கால் அங்குலம் கூட மடித்துத் தைத்தாள். அதற்குப் பிறகு ஆறு பேன்ட் தைத்தாயிற்று. அந்தப் பேச்சை இருவருமே எடுத்ததில்லை. அவன் வந்து பேன்ட்டை வாங்கிப் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் இரண்டு ஷூவையும் பார்த்து, "ம்" என்பான். அந்த 'ம்'முக்காக அவள் இரண்டு வருஷம் தைத்தாள். அதற்கு வேறு பெயர் வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கிழிசலுக்குக் காரணம் கடைசிப் பாட்டு. 'காலைச் சங்கு' என்று பெயர். தளத்தில் ஊதுகிற சங்கைப் பற்றி லெஸ்லி எழுதியது. பாடி முடித்ததும் ஒரே சுருதியில் கிடாரைப் போட்டு அரைத்துக்கொண்டே இருப்பான். பேஸ் உறுமும், டிரம்ஸ் உருளும், சத்தம் ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. அவன் மனசு சொல்லும்போது எம்பிக் குதிப்பான். காற்றில் கால் இரண்டும் கத்தரி போல விரியும். பாதம் தரையைத் தொடும் அதே கணத்தில் கெல்வின் எல்லாவற்றையும் ஒரே அடியில் அடித்து நிறுத்துவான். பாட்டு முடிந்தது, நிகழ்ச்சி முடிந்தது.

பாட்டை முடிக்க வேறு வழி அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. மேடையில் அந்த இரைச்சலில் கெல்வினுக்கு எதுவும் கேட்காது. லெஸ்லியின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது என்று அவன் முகத்தையும் பார்க்க மாட்டான். கறுப்பும் வெள்ளையுமான அந்த ஷூக்களைத்தான் பார்ப்பான். ஷூ தரையில் இறங்கினால் அடி. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மாதா கோயில் கூடத்தில் ஒத்திகை. கிளெண்டா கோட்டுகளை வாங்கிப் போக வந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மார்கேட் கடற்கரைல அறுநூறு பேர்டா," என்றான் கெல்வின். "லண்டன்லேருந்து ஸ்கூட்டர்ல வர்றானுங்க. பெல்வெடியர் மண்டபத்துல டிரம்ஸ் வைக்கிற மேடையே நாலடி ஒசரம். கடைசில நீ அதுமேல ஏறி அங்கேருந்து குதிக்கிற."

"நாலடியா?" என்றான் லெஸ்லி.

"போஸ்டர் பாத்தியா? உன் காலத்தான் போட்டிருக்கான். மூஞ்சியே போடல."

"மூஞ்சியப் போட்டா யாரு வருவா?" என்றான் மால்கம். ஒத்திகைக்கு ஒரு வாக்கியம் பேசுவான், அன்றைக்கு அது.

"மூணு வாரமா நீ குதிக்கிறது ஒரு குதியாடா? கோழி வேலி தாண்டற மாதிரி இருக்கு. பசங்க கேக்கறானுங்க, உன் ஆளுக்கு வயசாயிடுச்சான்னு."

லெஸ்லி சிரித்தான். "ஞாயித்துக்கிழமைக்குச் சேத்து வச்சிருக்கேன். நாலடின்னா நாலடி."

அவன் கிடார் ஒயரைச் சுருட்டக் குனிந்தான். இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கிளெண்டா பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இஸ்திரி போடுமுன் வழக்கம்போலப் பாக்கெட்டுகளைத் துழாவினாள். லெஸ்லி கோட்டின் டிக்கெட் பாக்கெட்டில் நான்காக மடித்த ஓர் அட்டை இருந்தது. ஆஸ்பத்திரி அட்டை. எலும்புப் பிரிவு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேர வேண்டும், இரவு உடை, சவரச் சாமான்கள் கொண்டுவரவும். அவன் பெயர், வயசு இருபத்தைந்து.

பக்கத்தில் சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே மறந்துவிட்டு, கருகும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். நல்லவேளை, அது ஒரு லெப்டினன்ட்டின் பழைய பேன்ட்.

சனிக்கிழமை மத்தியானம் லெஸ்லி பேன்ட்டைப் போட்டுப் பார்க்க வந்தான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். போட்டான், கண்ணாடியில் ஷூக்களைப் பார்த்தான், "ம்" என்றான். கிளெண்டா அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"டிக்கெட் பாக்கெட்ல இருந்துச்சு."

"பாக்கெட்டெல்லாம் பாப்பியா நீ?"

"பாக்காம எப்படி இஸ்திரி போடறது? போன மாசம் மால்கம் பாக்கெட்ல பாதி சாசேஜ் ரோல் இருந்துச்சு."

அவன் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் போய்ப் பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு வந்து, துணிச் சுருள்கள்மேல் உட்கார்ந்தான். உட்காரும்போது முகம் கோணியது. மறைக்கவில்லை.

"இடுப்பு எலும்போட உருண்டை தேஞ்சுபோச்சாம். போட்டோ எடுத்துக் காட்டினாங்க. நாய் கடிச்ச பந்து மாதிரி இருக்கு. செவ்வாய்க்கிழமை போய்ப் படுத்தா வெட்டிச் சரி பண்ணிருவாங்களாம். ஆறு மாசம் கட்டைக்கோல் ஊணித்தான் நடக்கணும்."

"அதுக்கு முன்னாடி நாலடியிலேருந்து குதிச்சா?"

"நொறுங்கிரும்ங்கறார் டாக்டர். நொறுங்கிட்டா வெட்டியும் பிரயோஜனமில்ல. ஆயுசுக்கும் நொண்டிதான்."

"அப்ப குதிக்காத."

"ஈசியாச் சொல்ற."

"கஷ்டமா எப்படிச் சொல்றது? குதிக்காத, லெஸ்."

அவன் ஒரு பித்தானை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினான். "ஆறு வயசுலேருந்து எட்டு வயசு வரைக்கும் ஆஸ்பத்திரி பெட்ல கெடந்தேன். ரெண்டு காலையும் அகட்டி மாவுக்கட்டு. ஜன்னலுக்கு வெளிய ஒரு சுவர். பள்ளிக்கூடம் விட்டதும் பசங்க அதுமேல ஏறிக் குதிப்பானுங்க. தெனமும். ரெண்டு வருஷம் அதையே பாத்தேன். ஒவ்வொருத்தன் எப்படிக் குதிப்பான்னு எனக்குத் தெரியும், பேருதான் தெரியாது." பித்தானை வைத்தான். "குதிக்கலேன்னா நான் யாரு? கிடார்ல ரெண்டு கார்டு பிடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளு."

"மூணு."

"என்ன?"

"மூணு கார்டு தெரியும் உனக்கு."

இப்போது சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. "ஆறு மாசம் கெல்வின் காத்திருப்பான்னு நெனைக்கிறியா? ஆறு நாள் காத்திருப்பான். நாளைக்கு ஒரே ஒரு தடவ. சரியா ஒரு தடவ குதிச்சிட்டு, அப்புறம் என்ன ஆனா என்ன."

"அவன்கிட்ட சொல்லு."

"மாட்டேன். நீயும் சொல்லாத." எழுந்தான். "அந்த முக்கால் அங்குலத்த யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"இதையும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்," என்றாள் கிளெண்டா.

அவன் போனான். தெருவில் இறங்கி, கடைக் கண்ணாடியைத் தாண்டும் வரை சாயாமல் நடந்தான். தாண்டியதும் சாய்ந்தது அவளுக்குத் தெரிந்தது.

அவள் வாக்குக் கொடுத்தது வாய்க்குத்தான். கைக்கு இல்லை.

கடையைப் பூட்டியதும் பேன்ட்டைப் புரட்டிப் போட்டாள். தொடையில் வெளித் தையலை இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் உள்ளே பிடித்தாள். உள் தையலிலும் கொஞ்சம். முழங்காலுக்குக் கீழே தொடவில்லை. தொங்கும் அழகு மாறக் கூடாது. பிறகு வழக்கமாகத் தைக்கும் நூலை வைத்துவிட்டு, மாலுமிகளின் சாக்குப் பை தைக்கிற மெழுகு நூலை எடுத்தாள். அந்த நூலில் தைத்ததைப் பல்லால் பிடித்து இழுத்தாலும் விடாது. கவட்டை இரட்டைத் தையல் போட்டாள். விரல் நுனி எரிந்தது. முடித்துவிட்டு இரண்டு காலையும் பிடித்து அகட்டிப் பார்த்தாள். ஓரளவுக்கு மேல் விரியவில்லை. நடக்கலாம், நிற்கலாம். படி ஏற முடியாது.

போடும்போதே கண்டுபிடித்துவிட மாட்டானா என்றால், மாட்டான். அவர்களுடைய வழக்கம் அப்படி. பேன்ட் ஹாங்கரில்தான் பயணம் செய்யும். மேடை ஏறப் பத்து நிமிஷம் இருக்கும்போது போடுவார்கள். போட்ட பிறகு யாரும் உட்கார மாட்டார்கள், குனிய மாட்டார்கள், முழங்கால் மடங்கினால் மடிப்புக் கெட்டுவிடும் என்று. ஷூ கயிற்றைக்கூட முன்னாலேயே கட்டிவிட்டு, ஷூவோடு காலை நுழைப்பார்கள். பேன்ட் இறுக்கமாக இருந்தால் சந்தோஷப்படுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில். மார்கேட் கடற்கரைச் சாலை முழுக்க ஸ்கூட்டர். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு கண்ணாடி. வெயில் பட்டு, நடந்து போகிறவர்களின் கண்ணைக் குத்தியது. பார்க்கா என்கிற பச்சை மேலங்கிக்குள் வெந்துகொண்டு பையன்கள் சிப்ஸ் தின்றார்கள். நிகழ்ச்சி மத்தியானம் மூன்று மணிக்கு.

பெல்வெடியரில் மேடையோடு ஒரே மட்டத்தில் இருந்த பின்னறையில் லெஸ்லி பேன்ட்டை மேலே இழுத்து மாட்டினான்.

"ஒட்டிக்கிச்சே," என்றான். தொடையைத் தடவிப் பார்த்து, "கிளெண்டா, இதான் இதுவரைக்கும் தச்சதுலயே நல்லது."

"ம்," என்றாள் அவள். அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் தொளதொளன்னு?" என்றான் கெல்வின்.

"நீ தொப்பையக் குறை, நான் பேன்ட்டக் குறைக்கிறேன்."

மூவரும் நட்டு வைத்த கம்பம் போல வரிசையாக நின்று காத்திருந்தார்கள். லெஸ்லியின் நெற்றியில் இப்போதே வேர்வை. வலியா பயமா என்று சொல்ல முடியவில்லை.

கிளெண்டா மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றாள். எப்போதும் அங்கேதான் நிற்பாள், பையில் ஊசி நூலோடு. மேடையில் ஏறியதே இல்லை. கூட்டத்தைப் பார்த்தாலே திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள்.

கெல்வின் எண்ணினான். முதல் அடியிலேயே கூடம் எழும்பியது.

அன்று அவர்கள் நன்றாக வாசித்தார்கள். நன்றாக என்றால் போதாது. கெல்வின் தோளிலிருந்து அடித்தான். மால்கமின் விரல்கள் தெரியவில்லை. லெஸ்லி மைக்கில் வாயைப் புதைத்து, வார்த்தைகளைக் கடித்துத் துப்பினான். வலக் கையை வீசி கிடாரில் இறக்கும்போதெல்லாம் முன்வரிசை பின்வாங்கி மறுபடி வந்து மோதியது. அறுநூறு பேர் இடப்பக்கம் சாய்ந்து ஆடினார்கள். மேலிருந்து பார்த்தால் காற்று ஒரு பக்கமாக அடிக்கும் கோதுமை வயல் மாதிரி இருந்தது. ஒருவனும் கோட்டைக் கழற்றவில்லை. பலகைத் தரை அதிர்ந்தது கிளெண்டாவின் பல்லில் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் அவன் தொடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு நூல் நின்றது.

பதினெட்டாவது பாட்டு முடிந்தது. 'காலைச் சங்கு' தொடங்கியது. ஊரெல்லாம் தெரிந்த பாட்டு, கூட்டமே பாடியது. வார்த்தைகள் தீர்ந்தன. ஒற்றைச் சுருதி அரைக்கத் தொடங்கியது. லெஸ்லி மைக்கை விட்டு நகர்ந்து, டிரம்ஸ் மேடையை நோக்கித் திரும்பினான். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. இரைச்சல் இரட்டிப்பாயிற்று.

நாலடி மேடைக்கு இரண்டு மரப் படி இருந்தது. லெஸ்லி முதல் படிக்குக் காலைத் தூக்கினான். கால் பாதி உயரம் போய் நின்றது. இறக்கினான். மற்ற காலைத் தூக்கினான். அதுவும் நின்றது. கிடாரை அரைத்துக்கொண்டே ஒரு கணம் குனிந்து தன் காலையே பார்த்தான். பிறகு வலக் கை தந்தியை விட்டு இறங்கித் தொடையைத் தொட்டது, விரல் தையலோடு போயிற்று. மெழுகு நூலைத் தளத்தில் வேலை செய்பவனுக்கு அடையாளம் தெரியாதா?

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

கோபப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். ஆனால் அந்த முகத்தில் கோபம் இல்லை. ஜன்னலுக்கு உள்ளே படுத்திருக்கிற முகம் அது.

கை மறுபடி தந்திக்குப் போனது. சுருதி அரைத்தது. இருந்த இடத்திலேயே எம்பப் பார்த்தான்; குதிகால்தான் எழும்பியது. கெல்வின் தலை குனிந்து, அந்தக் கறுப்பு வெள்ளை ஷூக்களை முறைத்தபடி உருட்டிக்கொண்டே இருந்தான். ஷூக்கள் தரையை விட்டு எழவில்லை. மால்கம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தாளக் கணக்கு பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு என்று ஏறியது. கூட்டத்தின் கத்தல் உச்சிக்குப் போய், அங்கே நின்று, தளர ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான்.

அப்போதுதான் கிளெண்டாவுக்கு உறைத்தது. அவன் காலைக் கட்டத் தெரிந்த அவள், பாட்டு எப்படி முடியும் என்று யோசிக்கவே இல்லை. இரண்டு வருஷமாக அதே இடத்தில் நின்று பார்த்தவள். இப்போது இது முடியாது. கெல்வினின் கை ஓயும் வரை, கூட்டம் சிரிக்கத் தொடங்கும் வரை உருண்டுகொண்டே இருக்கும். லெஸ்லி அதன் நடுவில் காலை ஒட்டி நின்றுகொண்டு இருப்பான், அறுநூறு பேர் பார்க்க.

பையைக் கீழே போட்டாள். பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள்மேல் ஏறினாள். முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி. மேலே நின்றபோது விளக்கு முகத்தில் அடித்தது. கூட்டத்தைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள்.

"கெல்வின்!" என்று கத்தினாள்.

அவனுக்கு எப்படிக் கேட்கும்? ஆனால் அவன் கண்ணுக்கு எங்கேயாவது ஒரு ஜோடி கால் வேண்டியிருந்தது. லெஸ்லியின் கால் அசையாததால் அது மேடையெல்லாம் தேடியது. ஓரத்தில், பெட்டிமேல், தினமும் வீட்டு வாசலில் பார்க்கிற பழுப்பு நிறச் செருப்பு. அவன் வாய் திறந்தது.

கிளெண்டா குதித்தாள்.

கால் விரியவில்லை, கத்தரி எல்லாம் இல்லை. மூட்டையைத் தள்ளிவிட்டது மாதிரிதான் வந்தாள். இரண்டு பாதமும் மேடைப் பலகையில் மடேரென்று இறங்கின. பழக்க தோஷம், கெல்வினின் இரண்டு கையும் தாமாக மேலே போய் இறங்கின. லெஸ்லியின் கையும் அதே கணத்தில் தந்திகளை வெட்டியது. எல்லாம் நின்றது.

கூரையே பறக்கிற மாதிரிக் கைதட்டல் எழும்பியது. தையல்காரி குதிப்பதும் நிகழ்ச்சியில் ஒரு பங்கு என்று நினைத்துவிட்டார்கள். கிளெண்டா முழங்கால் சிராய்த்து, ஒரு செருப்பு எங்கேயோ போய், மேடை நடுவில் நின்றாள். லெஸ்லி கிட்டே வந்து அவள் முழங்கையைப் பிடித்தான். பிடித்தானா, சாய்ந்தானா என்பது இருவருக்குமே நிச்சயமில்லை.

"குனிஞ்சு கும்பிடு போடு," என்று காதில் சொன்னான். "என்னால குனிய முடியாது. நீ பண்ணின வேலை."

அவள் குனிந்தாள்.

நாலு மணிக்கு மண்டபத்தின் பின்னால் கடல் சுவரோரம் நின்றார்கள். நின்றார்கள் என்றால் லெஸ்லி நின்றான். அவனால் உட்கார முடியவில்லை. கெல்வின் சுவர்மேல் உட்கார்ந்து, துண்டால் தலையைத் துவட்டியபடி கத்தினான்.

"உன்ன யாரு மேடைக்குக் கூப்பிட்டது? ஆங்? இவனுக்கு என்ன கேடு? மரம் மாதிரி நிக்கறான்! நான் இன்னும் ரெண்டு நிமிஷம் உருட்டியிருந்தேன்னா கை தனியா வந்திருக்கும்!"

கிளெண்டா வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. செருப்பில்லாத காலைத் தூக்கி மற்ற காலில் வைத்து, கடலைப் பார்த்தாள்.

லெஸ்லி அவளைப் பார்த்தான். இவள் கடைசி வரை சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"என் இடது கால் குட்டை," என்றான் கெல்வினிடம். "முக்கால் அங்குலம். சின்ன வயசுலேருந்தே."

பிறகு மற்றதையும் சொன்னான். மாவுக்கட்டு, எலும்பு, செவ்வாய்க்கிழமை, கட்டைக்கோல். வேகமாகச் சொன்னான், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடைவெளி விடாத மாதிரி. கெல்வின் துண்டைத் தலையில் வைத்தபடியே இருந்தான்.

"அப்ப நீ சாய்றது?" என்றான் கடைசியில்.

"சாய்றேன். வேற வழியில்ல."

"ரெண்டு வருஷமா அத ஸ்டைல்னு நெனச்சு நானும் சாஞ்சிருக்கேன்டா. எனக்கு முதுகுவலியே வந்துருச்சு." துண்டை எடுத்தான். கண் சிவந்திருந்தது, வேர்வையாகவும் இருக்கலாம். "போஸ்ட் ஆபீஸ் வரிசையில ஒரு கெழவி என்ன நேரா நில்லுன்னு திட்டினா. உனக்காக அவகூடச் சண்டை போட்டேன்."

மால்கம் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினான். யாரும் எடுக்கவில்லை.

"ஆறு மாசம்," என்றான் லெஸ்லி. "வேற ஆளப் பாத்துக்க."

"எந்த ஆள? மூணு கார்டு தெரிஞ்ச எவனாவது சும்மா கெடக்கானா?" கெல்வின் சுவரிலிருந்து இறங்கினான். "ஸ்டூல்ல உக்காந்து பாடு. குதிக்கிறதுக்குத்தான் ஆள் இருக்கே." அக்காவைக் காட்டினான். "மூட்டை மாதிரி குதிச்சா. இருந்தாலும் டைம்ல இறங்கினா. நீ என்னிக்காவது டைம்ல இறங்கியிருக்கியா?"

"இன்னொரு தடவ நான் ஏற மாட்டேன்," என்றாள் கிளெண்டா.

"நீ ஏறுவ," என்றான் கெல்வின். மால்கமைத் தோளில் தட்டி, சாமான்களை ஏற்ற வேனுக்குப் போனான். வழியில் ஒரு முறை இடப்பக்கம் சாய்ந்து நடந்து பார்த்து, பிறகு நேராக நடந்தான்.

இருவர் மட்டும் இருந்தார்கள். கீழே கல்லில் தண்ணீர் அடித்தது. ஸ்கூட்டர்கள் கிளம்பும் சத்தம் தொலைவில்.

"நான் உன் பாட்டக் கெடுத்துட்டேன்," என்றாள்.

"ஆமா." லெஸ்லி சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு இன்னும் கோபம் இருக்கு. ஆனா அத உக்காந்துதான் பட முடியும். இதப் பிரிச்சு விடு."

"இங்கேயா?"

"வேர்வைல ஒட்டிக்கிச்சு, கழட்டவும் வரல. இந்த பேன்ட்டோட வேன்ல எப்படி ஏறுவேன்? படுக்க வச்சுத்தான் கொண்டு போகணும்."

மால்கம் விட்டுப் போயிருந்த பார்க்காவை அவன் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். மண்டியிட்டு, சிராய்த்த முழங்காலை ஒதுக்கி வைத்து, சின்னக் கத்தரியை எடுத்தாள். மெழுகு நூல் லேசில் வரவில்லை. ஒவ்வொரு தையலாக வெட்ட வேண்டியிருந்தது. அவன் தொடை நடுங்கிக்கொண்டிருந்ததை விரலில் உணர்ந்தாள். காலையிலிருந்து அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனாள். தையல் விட விட அவன் மூச்சு இறங்கியது.

"செவ்வாய்க்கிழமை பத்து மணி," என்றான் மேலேயிருந்து.

"பாத்தேன்."

"எட்டே முக்கால் பஸ் பிடிச்சாப் போதும்ல?"

"எட்டரைக்கு ஒண்ணு இருக்கு. உன் நடைக்கு அதான் சரி. நான் நிறுத்தத்துக்கு வந்துடறேன்."

"கடை?"

"கடை எங்கயும் போயிடாது."

அவன் கை கம்பியை விட்டு இறங்கி அவள் தலைமேல் வந்தது, தலைமுடியில் ஒட்டியிருந்த நூலை எடுப்பது போல. எடுத்த பிறகும் அங்கேயே இருந்தது. கடைசித் தையல் அறுந்தது. அவன் மெல்லச் சுவரில் உட்கார்ந்தான். முழங்கால் மடங்கியது, மடிப்புக் கெட்டது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.

"வெட்டிச் சரி பண்ணினா காலோட நீளம் மாறும்ங்கறார் டாக்டர்," என்றான். "கூடலாம், குறையலாம், தெரியாதாம். இந்த பேன்ட்டெல்லாம் வீணாப் போயிடும்."

"மறுபடி அளவெடுத்தாப் போச்சு."

"எடுத்தா இந்தத் தடவ எழுதி வச்சுக்க," என்றான் லெஸ்லி.

கிளெண்டா வெட்டின மெழுகு நூல் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். பிறகு காணாமல் போன செருப்பைத் தேட எழுந்தாள்.